பருத்திக்குள் ஒரு பாக்டீரியா மரபணு

மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைத் தன் செல்களில் சுமந்திருக்கும் பருத்திதான் பி.டி. பருத்தி. இந்தியாவில் சட்டப்படி வணிகச் சாகுபடியில் இருக்கும் ஒரே மரபணு மாற்றப் பயிர் இது. நாட்டின் பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் இதுவே விளைகிறது. மரபணு மாற்றம் என்ன செய்யும், எதைச் செய்யாது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான பயிர் இந்தியாவில் வேறில்லை.

பி.டி. என்பது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாவின் சுருக்கப் பெயர். ஜப்பானில் பட்டுப்புழுக்கள் திடீர் திடீரென்று செத்து விழுந்த நோயை ஆராய்ந்த இஷிவாட்டா, 1901-ல் இதை முதலில் கண்டார். பத்தாண்டு கழித்து ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில், மாவைத் தின்னும் அந்துப்பூச்சியின் புழுக்களிலிருந்து எர்ன்ஸ்ட் பெர்லினர் இதைப் பிரித்தெடுத்தார். பாக்டீரியாவின் பெயர் அந்தப் பகுதியை ஒட்டி வந்தது. 1938-லேயே பிரான்சில் இதைப் பூச்சிமருந்தாக விற்றார்கள். இயற்கை விவசாயிகள் இன்றும் இதைத் தெளிக்கிறார்கள்.

புழுவின் குடலில் நடப்பது

இந்தப் பாக்டீரியா தன் உடலுக்குள் ஒரு புரதப் படிகத்தை உருவாக்குகிறது. இலையோடு சேர்த்து அதைப் புழு விழுங்கினால், குடலின் காரத்தன்மையில் படிகம் கரைகிறது. குடலில் உள்ள நொதிகள் புரதத்தின் ஒரு பகுதியை வெட்டி எறிகின்றன. மிஞ்சும் துண்டுதான் நஞ்சு. அது குடல் சுவரிலுள்ள குறிப்பிட்ட ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு செல்களைத் துளைக்கிறது. செல்கள் வீங்கி வெடிக்கின்றன. புழு தின்பதை நிறுத்துகிறது, இரண்டு மூன்று நாளில் சாகிறது. மனித இரைப்பையில் இருப்பது காரமல்ல, அமிலம். நம் குடலில் அந்த ஏற்பிகளும் இல்லை. எனவே பருத்தியைத் தாக்கும் காய்ப்புழுவைக் கொல்லும் அதே புரதம் மனிதருக்குள் வழக்கமான உணவுப் புரதம்போலச் செரித்துவிடுகிறது.

தெளித்த பி.டி. வெயிலில் சிதைந்துவிடும், மழையில் கழுவப்பட்டுவிடும். காய்க்குள் புகுந்துவிட்ட புழுவை அது எட்டவும் எட்டாது. செடியே அந்தப் புரதத்தைத் தயாரித்தால் இந்தக் குறைகள் தீரும் என்ற எண்ணமே பி.டி. பருத்திக்கு வித்து.

மரபணு செடிக்குள் போன வழி

இதற்கு உதவியது இன்னொரு மண் பாக்டீரியா: அக்ரோபாக்டீரியம். செடியின் காயத்தில் தொற்றி, தன் டி.என்.ஏ.வின் ஒரு துண்டைச் செடியின் குரோமோசோமுக்குள் நுழைத்து, அங்கே கழலை வளரச் செய்வது இதன் இயல்பு. கழலைக்குரிய மரபணுக்களை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் தேவையான மரபணுவை வைத்தால், பாக்டீரியா அதையும் செடிக்குள் கொண்டுசேர்த்துவிடும். 1983-ல் பெல்ஜியத்திலும் அமெரிக்காவிலும் இயங்கிய குழுக்கள் இம்முறையில் வேற்று மரபணுவைத் தாவரச் செல்களில் செயல்பட வைத்துக் காட்டின.

பருத்தியில் இதற்குப் பயன்பட்டது கோக்கர் 312 என்ற அமெரிக்க ரகம். ஆய்வகத்தில் திசுவிலிருந்து முழுச்செடியாக வளரக்கூடிய பருத்தி ரகங்கள் மிகச் சில, அவற்றில் இது ஒன்று. இதில் நுழைத்த மரபணுவைப் பிற ரகங்களுக்கு வழக்கமான கலப்பின முறையில் மாற்றினார்கள். 1996-ல் மான்சான்டோ நிறுவனத்தின் பி.டி. பருத்தி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது.

இந்திய வயல்களில்

மகாராஷ்டிரத்தின் ஜால்னாவைச் சேர்ந்த மகிகோ நிறுவனம் மான்சான்டோவுடன் கூட்டுச்சேர்ந்து இதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அரசு அனுமதிக்கு முன்பே, 2001-ல் குஜராத்தில் நவபாரத் 151 என்ற பெயரில் விற்ற விதையில் பி.டி. மரபணு இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. காய்ப்புழு மற்ற பருத்தியைச் சூறையாடிய அந்த ஆண்டில், இந்த வயல்கள் மட்டும் தப்பி நின்றன. 2002 மார்ச்சில் மூன்று வீரிய ஒட்டு ரகங்களுக்கு மத்திய அரசு அனுமதி அளித்தது. தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் அவை விதைக்கப்பட்டன. இரண்டு பி.டி. மரபணுக்கள் கொண்ட விதை 2006-ல் வந்தது.

2002-03-ல் 136 லட்சம் பொதியாக இருந்த பருத்தி உற்பத்தி, 2013-14-ல் 398 லட்சம் பொதியைத் தொட்டது. ஒரு பொதி 170 கிலோ. ஆனால் இந்தப் பெருமை முழுவதையும் மரபணுவுக்கே கொடுத்துவிட முடியாது. 2002 கடும் வறட்சி ஆண்டு. அதன் பிறகு பாசனமும் உரமும் கூடின, புதிய பூச்சிமருந்துகளும் வந்தன. எது எவ்வளவு பங்களித்தது என்ற விவாதம் வேளாண் அறிஞர்களிடையே இன்னும் ஓயவில்லை.

புழு திருப்பி அடித்தது

பருத்தியைத் தாக்கும் பச்சைக் காய்ப்புழு கொண்டைக்கடலை, துவரை, தக்காளி எனப் பலவற்றையும் தின்று வாழ்வது. அந்த வயல்களில் பி.டி. நஞ்சு கிடையாது. எனவே நஞ்சைத் தாங்காத சாதாரண அந்துப்பூச்சிகள் அங்கே எப்போதும் ஏராளமாக இருக்கும். எதிர்ப்புத்திறன் பெற்ற ஓரிரண்டு பூச்சிகள் அவற்றோடு கூடும்போது, பிறக்கும் புழுக்களில் பெரும்பாலானவை பி.டி. செடியைத் தின்று சாகும். இளஞ்சிவப்புக் காய்ப்புழுவின் கதை வேறு. அதற்குப் பெரும்பாலும் பருத்தியை விட்டால் வேறு உணவில்லை. அதனால்தான் பி.டி. வயலைச் சுற்றி, பரப்பில் 20 சதவீதமோ ஐந்து வரிசையோ, எது அதிகமோ அந்த அளவுக்குச் சாதாரணப் பருத்தியை விதைக்கச் சொன்னார்கள். 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதாரண விதையும் இதற்காகவே தரப்பட்டது. புழுவுக்கு விருந்து வைக்க மனம் வராத பலர் அதை விதைக்கவில்லை.

விதையின் தன்மையும் சிக்கலைக் கூட்டியது. அமெரிக்கா போன்ற நாடுகளில் பி.டி. பருத்தி பெரும்பாலும் நிலையான ரகம். இந்தியாவில் விற்பதோ வீரிய ஒட்டு. ஒட்டுச் செடியின் எல்லா இலைகளிலும் நஞ்சு இருக்கும், ஆனால் அதன் காயில் உருவாகும் விதைகளில் மரபணு பிரிந்துபோகும். ஒரு மரபணு கொண்ட ஒட்டில் சராசரியாக நான்கு விதைகளில் ஒன்றில் நஞ்சே இராது. இரண்டு மரபணு கொண்டதில் 16 விதைகளில் ஒன்பதில் மட்டுமே இரண்டு நஞ்சும் சேர்ந்திருக்கும். இளஞ்சிவப்புப் புழு தின்பதே விதையைத்தான். ஒரே காய்க்குள் நஞ்சுள்ள விதை, அரைகுறை விதை, நஞ்சில்லா விதை எனக் கலந்து கிடைத்ததால், எதிர்ப்புத்திறன் வளர அது வாய்ப்பாகிவிட்டது. பல மாதம் வயலில் நிற்கும் நீண்டகால ஒட்டு ரகங்கள் புழுவின் தலைமுறைகளைப் பெருக்கின.

முதல் மரபணுவை வென்ற இளஞ்சிவப்புப் புழுக்கள் குஜராத்தில் இருப்பது 2010-ல் வெளியே தெரிந்தது. சில ஆண்டுகளில் இரண்டு மரபணு விதையும் அவற்றிடம் தோற்றது. 2017-ல் மகாராஷ்டிரத்தின் விதர்பா விவசாயிகள் பெரும் இழப்பைச் சந்தித்தார்கள். பி.டி. குறைத்திருந்த பூச்சிமருந்துச் செலவு மறுபடி ஏறியது. அமெரிக்காவிலோ பி.டி. பருத்தியோடு மலட்டு அந்துப்பூச்சிகளையும் பறக்கவிட்டு, அதே புழுவைப் பருத்திப் பகுதிகளிலிருந்து ஒழித்துவிட்டதாக 2018 அக்டோபரில் அந்நாட்டு வேளாண்துறை அறிவித்தது.

பருத்தியில் வந்த அனுபவமும் எச்சரிக்கையும் மற்றப் பயிர்களுக்கான விவாதத்திலும் ஒலித்தன. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பங்கேற்று உருவாக்கிய பி.டி. கத்தரிக்கு வல்லுநர் குழு 2009-ல் இசைவு தந்தது. 2010 பிப்ரவரியில் மத்திய அரசு அதை நிறுத்திவைத்தது. வங்கதேசம் 2013-ல் பி.டி. கத்தரிக்கு அனுமதி அளித்தது.

பி.டி. மரபணு தன் வேலையைச் சரியாகவே செய்தது. அதன் ஆயுளைக் குறைத்தது விதை விற்ற முறையும் விதைத்த முறையும்தான். இனிப் பருத்தி விவசாயிக்குக் கைகொடுப்பவை குறுகிய கால ரகம், இனக்கவர்ச்சிப் பொறி, காலத்தோடு அறுவடை, கடைசிப் பறிப்பு முடிந்ததும் பருத்திமாரை வயலில் விட்டுவைக்காமல் அப்புறப்படுத்துவது ஆகியவையே. இவற்றைச் செய்யாத வயலில் மூன்றாவது மரபணுவும் நெடுநாள் நிலைக்காது.