தரையின் விலை

மும்பைத் தமிழ் நிலம் – 7

டெக்ஸாஸ் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் லவிங் கவுன்டி என்று ஒரு வறண்ட பொட்டல் இருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 1,750 சதுர கிலோமீட்டர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 64 பேர். அந்த 64 பேருக்கும் தனியாக ஒரு நீதிமன்றம், ஒரு நீதிபதி, ஒரு ஷெரீஃப் உண்டு. மண்ணுக்கு அடியில் எண்ணெய் இருக்கிறது. ஆகவே யார் உள்ளூர்க்காரர், யார் வெளியூர்க்காரர் என்பதில் அங்கே தலைக்குத் தலை வழக்கு நடக்கும்.

மும்பையின் தாராவியோ 2 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். இங்கே எத்தனை பேர் என்று கேட்டால் 3 லட்சம் என்பவரும் உண்டு, 10 லட்சம் என்று சத்தியம் செய்பவரும் உண்டு. நூறு ஆண்டுக்கு மேலாக இங்கே தலையை எண்ணிப் பார்க்க யாருக்கும் அவசரம் இருக்கவில்லை. இப்போது வந்துவிட்டது. தரைக்கு விலை வந்தால் தலைக்கும் கணக்கு வரும்.

சென்ற வாரம் மாட்டுங்காவின் மரநிழல் தெருக்களில் நடந்தோம். 1896-ல் வந்த பிளேக்குக்குப் பிறகு 1898-ல் அமைந்த பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அளந்து, கோடு கிழித்து உண்டாக்கிய பேட்டை அது. மாட்டுங்கா நிலையத்தில் கிழக்கே இறங்கினால் வாழையிலையும் மல்லிகைப் பூவும். மேற்கே இறங்கினால் லேபர் கேம்ப், அதைத் தாண்டித் தாராவி. நடுவில் இருப்பது சென்ட்ரல் ரயில்வேயின் தண்டவாளம் மட்டும்தான். கிழக்கே இருந்தவர்கள் ஆபீசில் கோப்பு எழுதப் படித்து வந்தவர்கள். மேற்கே வந்தவர்களை அழைத்துவந்தது தோலும் உப்பும்.

நிலத்தை முதலில் பார்த்துவிடலாம். மேற்கே வெஸ்டர்ன் ரயில்வே, கிழக்கே சென்ட்ரல் ரயில்வே, வடக்கே மித்தி ஆறு. இந்த முக்கோணத்துக்குள் அடங்கியது தாராவி. மித்தி என்பது விஹார், பொவாய் ஏரிகளின் மிகைநீரை வாங்கிக்கொண்டு மாஹிம் கழியில் வந்து விழுகிற ஆறு. ஒரு காலத்தில் இங்கே கடல்நீர் தாராளமாக ஏறி இறங்கியது. கோலி மீனவர்களின் கோலிவாடா அந்தக் கரையில்தான் இருந்தது. இன்றும் இருக்கிறது, மீன்தான் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சயான் பக்கம் ஒரு கரைச்சாலை, 1845-ல் மாஹிம் பக்கம் ஒரு கரைச்சாலை என்று போட்டபின் நீரோட்டம் தளர்ந்தது, வண்டல் படிந்தது, அலையாத்திக் காடு சேறானது. அந்தச் சேற்றை மேடாக்கியவர்கள் பின்னால் வந்த குடிகள். ஊர்க் குப்பையையும் தென்னை மட்டையையும் செங்கல் உடைசலையும் கொட்டி, மிதித்து, அதன்மேல் குடிசை போட்டார்கள். அரசாங்கம் அவர்களுக்கு நிலம் கொடுக்கவில்லை. நிலத்தை அவர்களே உண்டாக்கிக்கொண்டார்கள். இந்த ஒரு விஷயத்தை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காலா கில்லா பஸ் டிப்போவுக்குப் பக்கத்தில் கறுத்த கற்கோட்டை ஒன்று புதர் மண்டிக் கிடக்கிறது. ஆளுநர் ஜான் ஹார்ன் உத்தரவில் 1737-ல் கட்டியது என்று அதில் கல்வெட்டு இருக்கிறது. பம்பாய்த் தீவின் வடக்கு எல்லையைக் காவல் காத்த கோட்டை. எல்லையில் கோட்டை மட்டுமா வரும்? ஊருக்குள் வேண்டாதது எல்லாம் எல்லைக்குத்தானே வரும். சுடுகாடு, குப்பைமேடு, தோல் பதனிடும் தொட்டி. பாந்திராவில் அறுப்புக்கூடம் இருந்தது. ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் கழியைத் தாண்டி வர அதிக நேரம் ஆகாது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தாராவியில் தோல் பதனிடும் தொழில் வேர்விட்டது இப்படித்தான்.

அந்தத் தொழிலுக்கு ஆள் எங்கிருந்து வந்தார்கள்? திருநெல்வேலிச் சீமையிலிருந்து. தோல் வியாபாரம் தெரிந்த தமிழ் முஸ்லிம்கள் முதலில். அவர்களைத் தொடர்ந்தும் அவர்கள் அழைத்தும் ஆதிதிராவிடர்கள். 1871-ல் பம்பாய்–மதராஸ் ரயில் பாதை ராய்ச்சூரில் இணைந்த பிறகு, ஊரில் மழை பொய்த்த ஆண்டெல்லாம் பம்பாய் ரயிலில் கூட்டம் ஏறியது. பச்சைத் தோலைத் தொடுவதற்கு வேறு சாதியார் கூசிய காலத்தில் அந்தக் கூச்சத்தின் மறுபக்கத்தில் கூலி இருந்தது. ஊரில் கைகட்டி நின்றவனுக்கு இங்கே கையில் காசு. சாதி இல்லாத சொர்க்கத்துக்கு வந்துவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஊரில் தெருவைப் பிரித்தது ரயிலிலும் ஏறி வந்தது. பிறகு வந்த நாடார், தேவர், கோனார் எல்லோரும் தத்தம் சொந்தக்காரர் இருந்த சந்துகளைத் தேடித்தான் குடியேறினார்கள். இருந்தாலும் இங்கே குழாயடி ஒன்று, கழிப்பிட வரிசை ஒன்று. வரிசையில் நிற்கும்போது சாதி கொஞ்சம் தளரத்தான் செய்தது.

தாராவியின் பழைய பள்ளிவாசல் 1887-ல் எழுந்தது, கணேசர் கோயில் 1913-ல், முதல் தமிழ்ப் பள்ளி 1924-ல். வீடு ஓலையும் தகரமுமாக இருந்தபோதே பிள்ளை படிக்கப் பள்ளி வந்துவிட்டது. தை பிறந்தால் நைன்டி ஃபீட் ரோட்டில் வரிசையாக அடுப்பு வைத்துப் பெண்கள் பொங்கலிடுவதைப் பத்திரிகைக்காரர்கள் ஆண்டுதோறும் படம் எடுத்துப் போகிறார்கள். அவர்கள் எடுக்காத படம் வேறு: கோடை விடுமுறையில், ஊர்க் கோயில் கொடைக்கு, நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் மூட்டை முடிச்சோடு பாதித் தெரு கிளம்பிப் போவது. தாமிரபரணிக் கரையில் எத்தனையோ கோயில் கோபுரத்துக்குத் தாராவிக் காசில் வண்ணம் அடித்திருக்கிறார்கள்.

தமிழர் மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். சௌராஷ்டிரத்துக் குயவர்கள் தெற்குப் பம்பாயிலிருந்து வடக்கே வடக்கே என்று தள்ளப்பட்டு 1930-களில் இங்கே வந்து கும்பர்வாடா அமைத்தார்கள். உத்தரப் பிரதேசம், பீகாரிலிருந்து தையற்காரர்களும் ஜரிகை வேலைக்காரர்களும் வந்தார்கள். மராட்டிய தலித்துகள், கொங்கணத்தார், கன்னடர், தெலுங்கர் எல்லோருக்கும் ஆளுக்கொரு சந்து.

பொருளாதாரத்துக்கு வருவோம். தாராவியின் ஆண்டு வரவுசெலவு நூறு கோடி டாலர் என்று ஒரு கணக்கு உலகப் பத்திரிகைகளில் ஓயாமல் சுற்றி வருகிறது. எனக்கு அந்த எண்ணில் நாட்டம் இல்லை. எதை யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தையல் பட்டறையில் விழும் துண்டுத்துணி கும்பர்வாடாச் சூளைக்கு எரிபொருள். 13-ஆம் காம்பவுண்டில் பிளாஸ்டிக்கைத் தட்டிப் பார்த்து, ஓசையிலேயே ரகம் பிரிக்கிற கைகள் இருக்கின்றன. பிரித்ததை நொறுக்கி, கழுவி, தகரக் கூரைமேல் காயவைத்து, உருக்கிக் குருணையாக்கி ஆலைக்கு அனுப்புகிறார்கள். அங்கே கூரை என்பது வீட்டின் மூடி மட்டுமில்லை, காயப்போடும் களமும் அதுதான்.

தோல் தொழிலின் கதை இறங்குமுகம். 1971-ல் அறுப்புக்கூடம் பாந்திராவிலிருந்து தேவ்னாருக்குப் போனது. பின்னர் பதனிடும் வேலையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பியது. மிஞ்சியது பை, பெல்ட், பர்ஸ் தைப்பதும், இணைப்புச் சாலையில் கண்ணாடிக் கடை போட்டு விற்பதும். 2015-ல் மகாராஷ்டிரத்தில் காளை, எருதுகளை அறுக்கவும் தடை வந்தபின் சரக்குக்குச் சென்னை, கான்பூர், கொல்கத்தா என்று பார்க்க வேண்டியதாயிற்று. தமிழர்களைக் கூட்டிவந்த தொழில் தமிழர்களின் கையை விட்டே பெரும்பாலும் போய்விட்டது. அந்தக் குடும்பங்களின் பேரன் பேத்திகள் இன்று வங்கியிலும் மருத்துவமனையிலும் கால் சென்டரிலும் இருக்கிறார்கள்.

கையை விட்டுப் போகாதது இட்லி. விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டி, ஆறு மணிக்குள் அலுமினியப் பாத்திரத்தைத் தலையிலோ சைக்கிளிலோ ஏற்றி, ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு நகரமெங்கும் கிளம்புகிறார்கள். மும்பையின் தெரு இட்லியில் பெரும்பங்கு இந்தச் சந்துகளில் வெந்தது. இந்த வியாபாரத்தின் கட்டுமானத்தைப் பாருங்கள்: கீழே பத்துக்குப் பத்து அறையில் கிரைண்டரும் அடுப்பும். செங்குத்தான இரும்பு ஏணி. மேலே இன்னொரு அறை, அதில் ஊர்க்காரப் பையன்கள் ஐந்தாறு பேர் படுக்கை. கீழ் அறை வீட்டுக்காரருடையது. மேல் அறைக்கு மாத வாடகை. வேலைக்குப் போக ரயில் வேண்டாம், ஏணி போதும். தையல், ஜரிகை, தோல் பட்டறைகளிலும் இதே அமைப்புத்தான். தாராவியின் சரக்கு மலிவாக இருப்பதன் ரகசியம் இந்த ஏணியில் இருக்கிறது. வேலைக்காரன் படுக்கிற இடத்துக்கு முதலாளி தனியாகப் பணம் போடவேண்டியதில்லை.

ஆக, தாராவியின் நிலப்படத்தைத் தரையில் மட்டும் வரைந்தால் பாதிதான் வரும். அடுக்கு அடுக்காக வரைய வேண்டும். அரசாங்கம் வரைந்திருப்பது தரைப்படம்.

எண்ணிக்கையின் வரலாறு சுருக்கமானது. 1976-ல் குடிசைகளைக் கணக்கெடுத்துப் போட்டோ பாஸ் கொடுத்தார்கள். இன்றைக்கும் பழைய டிரங்குப் பெட்டிகளில் பத்திரத்துக்குச் சமமாக அதை வைத்திருக்கிறார்கள். 1985-ல் ராஜீவ் காந்தி மும்பைக்கு 100 கோடி ரூபாய் அறிவித்து, அதில் ஒரு பங்கு தாராவிக்கு வந்தது. சில கட்டடங்கள் எழுந்தன. 2004-ல் மறுசீரமைப்புத் திட்டம் அரசு ஒப்புதல் பெற்று, டெண்டர் மேல் டெண்டராகக் கிடந்தது. இதற்கிடையில் மித்தியின் மறுகரையில் சதுப்பை நிரப்பி பாந்திரா–குர்லா காம்ப்ளெக்ஸ் வளர்ந்தது: தேசியப் பங்குச்சந்தை, வைரச் சந்தை, அமெரிக்கத் துணைத் தூதரகம். நகரம் வடக்கே வளர வளர, எல்லையில் கிடந்த தாராவி நட்டநடுவுக்கு வந்துவிட்டது. அது ஓரடி நகரவில்லை. 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் கேட்பில் அதானி குழுமம் டெண்டரை எடுத்தது. 2023-ல் அரசு ஒப்புதல். திட்டத்தை நடத்தும் கூட்டு நிறுவனத்தில் அதானிக்கு 80 சதவீதம், மாநில அரசுக்கு 20. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கி, கதவுகளில் எண் விழ ஆரம்பித்தது.

விதி இதுதான். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு, இலவசம். அதற்குப் பிறகு 2011 தொடக்கம் வரை வந்த தரைத்தளத்தாருக்கு இரண்டரை லட்சம் ரூபாய்க்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி. மேல்தளத்தில் இருப்பவர் எந்த ஆண்டு வந்திருந்தாலும் தாராவிக்குள் இடமில்லை. வெளியே வாடகைக்கு, வாடகை கட்டிக் கட்டிப் பின்னால் சொந்தமாக்கிக்கொள்ளலாம்.

“நான் வந்து இருபத்தெட்டு வருசம் ஆச்சு. கீழ இருக்கவனுக்கு வீடு, மேல இருக்கவனுக்கு வாடகை. ஏணி ஏறுனது ஒரு குத்தமா அண்ணாச்சி?” என்றார் கோவில்பட்டிப் பக்கத்து இட்லிக்காரர் ஒருவர். பக்கத்தில் மாவு அள்ளிக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மாள் விடவில்லை. “நீ சொல்லுவ. நான் அம்பது வருசம் வரிசையில நின்னு கக்கூசுக்குப் போயிருக்கேன். எனக்கு உள்ளயே ஒண்ணு வேணும்டா.” இருவர் சொன்னதும் நியாயம்தான். புதிய கட்டடமே வேண்டாம் என்று சொல்பவர்களை நான் தாராவிக்கு வெளியேதான் அதிகம் பார்க்கிறேன். 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் கொட்டித் தீர்த்து, மித்தி கரை உடைத்து வந்தபோது கழுத்தளவு நீரில் நின்றவர்கள் ஓலைக்குடிசை அழகியலுக்கு மயங்கமாட்டார்கள்.

ஆனால் அந்த அம்மாள் பதினைந்தாம் மாடிக்குப் போனால் மேல் அறை வாடகை நின்றுபோகும். கீழே கிரைண்டருக்கு எங்கே இடம்? மூன்று மணிக்கு லிஃப்டில் பாத்திரத்தை இறக்க விடுவார்களா? பையன்கள் தேவ்னாரிலோ முலுண்டிலோ இருந்து அந்த நேரத்துக்கு எப்படி வந்து சேர்வார்கள்? முதல் லோக்கல் வண்டியே நாலு மணிக்குத்தான் ஓட ஆரம்பிக்கிறது. குயவர்களுக்கு மண் உலர முற்றம் வேண்டும், 13-ஆம் காம்பவுண்டுக்குக் கூரை வேண்டும். தகுதியுள்ள கடைக்கு 225 சதுர அடி இலவசம் என்கிறது திட்டம். கடைக்கு அது போதலாம். சூளைக்கு?

மேல்தளத்தாருக்கென்று பார்த்த இடங்களில் ஒன்று, தேவ்னார் குப்பைமேட்டில் 124 ஏக்கர். 1927-லிருந்து மும்பை தன் குப்பையைக் கொட்டிவரும் இடம். முதலில் அறுப்புக்கூடம் போனது, பிறகு தோல் போனது, இனி ஆட்கள். குப்பைமேட்டைச் சுத்தம் செய்து கட்டலாம், அதில் ஐயமில்லை. தாராவியின் விளிம்பில் மித்திக்கரைக் குப்பைமேடு ஒன்றைத்தான் 1994-ல் 37 ஏக்கர் காடாக்கி மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா என்று திறந்தார்கள். அது மரங்களுக்கு.

தேவ்னாருக்குப் பக்கத்தில் இப்படி ஒருமுறை மொத்தமாகக் கொண்டுபோய் இறக்கப்பட்ட தமிழர்கள் இருக்கிறார்கள். அணுசக்தி நிலையத்துக்கு இடம் வேண்டும் என்று 1976-ல், நெருக்கடி நிலை நேரத்தில், ஜனதா காலனி இடிக்கப்பட்டபோது அவர்களை ஏற்றிய லாரிகள் நின்ற இடம் சீட்டா கேம்ப். அந்தக் காலனிக்காக வழக்காடியவர் கோலார் தங்கவயலில் பிறந்து 1963-ல் பம்பாய்க்கு வந்த ஜோக்கின் அற்புதம்.

(அடுத்த வாரம்: செம்பூர் தாண்டி, சீட்டா கேம்ப்)