வெயிலில் இல்லை, அந்தியில் இருக்கிறது

மார்ச் மாதம் வந்தால் புலனக் குழுக்களில் ஓர் எச்சரிக்கை சுற்றத் தொடங்கும்: சூரியன் உச்சிக்கு வருகிறது, நண்பகலில் வெளியே போகாதீர்கள் என்று. சூரியப் புயல் பற்றிய செய்தியும் அந்த வாரத்தில் வந்துவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆனால் சூரியனின் கொந்தளிப்பு வெயிலாக நம்மை எட்டுவதில்லை. கரும்புள்ளிகள் பெருகிக் குறையும் ஏறத்தாழ 11 ஆண்டுச் சுழற்சியில், சூரியன் தரும் மொத்த ஆற்றல் சுமார் 0.1 விழுக்காடுதான் மாறுகிறது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் தெருக்கள் தகிப்பதற்குச் சில ஆண்டுகளில் வரும் எல் நினோவும், பகலெல்லாம் சூட்டை உறிஞ்சி இரவில் மெல்ல விடும் தாரும் கான்கிரீட்டும் காரணம்.

அப்படியானால் சூரியப் புயலால் நமக்கு ஒன்றும் இல்லை என்று சிலர் வாதிடுவார்கள். 1989 மார்ச் 13இல் சூரியப் புயலால் இருளில் மூழ்கிய கனடாவின் கியூபெக் வடக்கே வெகுதூரத்தில் இருக்கிறது. 2024 மே மாதப் பெரும் சூரியப் புயலின்போது கோலாலம்பூரில் விளக்கு அணையவில்லை. மின்கம்பிகளைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் சரி. எனினும் 1859 செப்டம்பர்ப் புயலை வெப்பமண்டல பம்பாயின் கொலாபா ஆய்வகக் காந்தமானியும் பெரும் சரிவாகப் பதிவு செய்தது. நம் பகுதிக்கென்றே வேறொரு சிக்கலும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு நமக்குச் சற்று வடக்கே, தென் தாய்லாந்து வழியாகச் செல்கிறது. சூரியனின் புற ஊதாக் கதிர்கள் காற்றணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்து, மேலே அயனி மண்டலத்தை உண்டாக்குகின்றன. சூரியன் மறைந்ததும் அந்த மண்டலத்தின் கீழ்ப்பகுதி சட்டென்று மெலிகிறது. அடர்ந்த பகுதி மேலேயே நிற்கிறது. எண்ணெய்க்கு மேல் தண்ணீர் நிற்குமா? மெலிந்த பகுதி குமிழியாகக் கிளம்பி மேலே ஏறுகிறது. ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் ஜிபிஎஸ் சமிக்ஞை அந்தக் குமிழிகளின் ஊடே வரும்போது தடுமாறுகிறது. சூரியன் மும்முரமாக இருக்கும் ஆண்டுகளில், மார்ச்–ஏப்ரலிலும் செப்டம்பர்–அக்டோபரிலும், இரவு எட்டு மணிக்குப் பிறகு இது மிகுதி. புயல் நாளில் கூடவும் செய்யும், சில வேளை அடங்கியும் விடும். ஆக, அந்த எச்சரிக்கை மாதத்தைச் சரியாகப் பிடித்து, நேரத்தையும் ஆபத்தையும் தவறவிடுகிறது.

கைப்பேசி வரைபடம் சில மீட்டர் பிசகினால் என்ன என்று கேட்கலாம். வீட்டுக்கு வழி தேடுபவருக்கு ஒன்றுமில்லை. கிள்ளான் துறைமுகத்தை நெருங்கும் கப்பலுக்கும், இரவில் பறக்கும் டிரோனுக்கும் சில மீட்டர் பெரிது. வெயிலில் தண்ணீர் குடிக்கச் சொல்லும் செய்தியைத் தாராளமாக அனுப்புங்கள், சூரியப் புயலின் பெயரை மட்டும் எடுத்துவிட்டு. துறைமுகத்திலும் டிரோன் வேலையிலும் இருக்கும் உங்கள் பிள்ளைகளிடம், அந்த மாதங்களில் இருட்டிய பின் செயற்கைக்கோளை மட்டும் நம்பாமல் இன்னொரு கருவியையும் பார்க்கச் சொல்லுங்கள்.