மரண நட்சத்திரத்தின் ஓட்டை

வெளிவந்த கதைக்கு முந்திய காலத்தைச் சொல்லும் திரைப்படம் முன்கதைப் படம் எனப்படுகிறது. 1977இல் வெளியான ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில், கோளையே தகர்க்க வல்ல ‘டெத் ஸ்டார்’ என்னும் விண்கோட்டை ஒரு சிறு துளைக்குள் பாய்ந்த குண்டுகளால் வெடித்துச் சிதறியது, அவ்வளவு பெரிய கோட்டையில் அப்படியோர் ஓட்டை எப்படி வந்தது என்ற கேள்வியை ரசிகர்களிடம் நெடுங்காலம் விட்டுவைத்தது. 2016இல் கேரத் எட்வர்ட்ஸ் இயக்கிய ‘ரோக் ஒன்’ என்னும் முன்கதைப் படம், கட்டாயத்தின்பேரில் வேலைசெய்த கேலன் எர்சோ என்னும் விஞ்ஞானியே அப்பலவீனத்தை வேண்டுமென்றே புகுத்தினார் என்று காட்டி, பழைய குறையையே தன் கதையின் அச்சாக்கிக் கொண்டது. முதற்படத்துக்கென எடுத்துப் பயன்படுத்தாமல் விட்ட விமானிகளின் காட்சித்துண்டுகள்கூட இதன் போர்க்களத்தில் சேர்க்கப்பட்டன; எனினும், முதற்படத்தில் நடித்து 1994இல் மறைந்த நடிகர் பீட்டர் குஷிங்கின் முகத்தைக் கணினியால் மீட்டெடுத்தது அத்துணை இயல்பாக ஒட்டவில்லை. திருடப்பட்ட டெத் ஸ்டார் வரைபடம் முதற்படத்தின் இளவரசி லியாவின் கைக்குச் சேர்வதோடு முடியும் இப்படம், 1977ஆம் ஆண்டுப் படத்தின் வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்துகிறது.