கருக்கா, நேர்வாயா: பெரிய மடக்குக்கத்தி ஒன்றின் வரவு செலவு

மடக்குக்கத்தி வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது நீளம், அடுத்தது விலை. வாய் நேராக இருக்க வேண்டுமா, பல் வைத்ததாக இருக்க வேண்டுமா என்ற கேள்வி பணத்தை எண்ணும்போதுதான் நினைவுக்கு வருகிறது. சிலருக்கு அப்போதும் வருவதில்லை. இந்த வரிசையை மாற்றிப் போட வேண்டும் என்பது என் கட்சி. அதற்காக மூன்று கத்திகளை எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று, ஓப்பினெல். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓப்பினெல் 1890இல் செய்யத் தொடங்கிய குடியானவர் கத்தி. பீச் மரத்தில் பிடி. இரண்டாவது, அமெரிக்காவின் பக் 110. 1964இல் வந்தது; பித்தளை முனைகளுக்கு நடுவே மரத்தகடு பதித்த பிடி, முதுகில் பூட்டு. மூன்றாவது, ஸ்பைடர்கோ எண்டுரா. நிறுவனம் கொலராடோ மாநிலத்தின் கோல்டன் ஊரில் இருக்கிறது. கத்தி ஜப்பானின் செக்கி நகரத்தில் தயாராகிறது. அலகில் உள்ள வட்டத் துளையில் கட்டைவிரலை வைத்துத் தள்ளினால் ஒரே கையால் திறக்கும்.

முதலில் நீளம். பக் 110இன் அலகு 9.5 செ.மீ., எண்டுரா 4இன் அலகு 9.6 செ.மீ. ஓப்பினெலில் எண்ணே அளவை ஏறக்குறையச் சொல்லிவிடும்: 8ஆம் எண் 8.5 செ.மீ., 10ஆம் எண் 10 செ.மீ., 12ஆம் எண் 12 செ.மீ. இந்த எண் வரிசை 1897இல் உருவானபோது 1 முதல் 12 வரை எல்லாமே இருந்தன. 1935இல் 1ஐயும் 11ஐயும் நிறுத்திவிட்டார்கள். 1 உபயோகத்துக்குப் போதாத அளவு சிறியது. 11 ஒருபுறம் 10ஐயும் மறுபுறம் 12ஐயும் ஒட்டி நின்றதால் தனியாக அதற்கு வேலை இல்லை. 'இன்னும் ஒரு சென்டிமீட்டர் பெரிதாக இருந்தால் நன்றாக இருக்கும்' என்று கடையில் தயங்கி நிற்பவர் இந்த 11ஆம் எண்ணை நினைத்துக்கொள்ள வேண்டும். செய்தவர்களுக்கே அந்த ஒரு சென்டிமீட்டர் பெரிதாகப் படவில்லை.

மடக்குக்கத்தியில் அலகு முழுவதும் பிடிக்குள் அடங்க வேண்டும். ஆகவே அலகு வளர்ந்தால் பிடியும் கூடவே வளரும். பக் 110ஐ மடக்கினால் 12.4 செ.மீ.; அதில் அலகு 77 விழுக்காடு. ஓப்பினெல் 8 மடக்கினால் 11 செ.மீ.; அங்கும் 77. எண்டுராவும் இதே கணக்குக்கு மிக அருகில்தான் வருகிறது. ஓப்பினெலின் மிகப் பெரிய 13ஆம் எண்ணின் அலகு 22 செ.மீ., விரித்தால் அரை மீட்டர். அதுவும் 79 விழுக்காட்டைத் தாண்டவில்லை. சட்டைப்பை, காற்சட்டைப்பை எதுவானாலும் இந்த விகிதத்துக்குத்தான் கட்டுப்பட வேண்டும். 9.5 செ.மீ.யை எட்டினால் கத்தி பையை விட்டுவிட்டு இடுப்புவாரைத் தேடும். பக் 110ஐத் தோலுறையோடு சேர்த்தே விற்பதற்குக் காரணம் இதுதான்.

எடைதான் எனக்கு வியப்பளித்த கணக்கு. பக் 110 ஏறத்தாழ 204 கிராம், எண்டுரா 102 கிராம், ஓப்பினெல் 8 ஏறத்தாழ 45 கிராம். அலகின் நீளத்தால் வகுத்துப் பாருங்கள். பக்கில் ஒரு சென்டிமீட்டர் அலகைச் சுமக்க 21 கிராம் செலவாகிறது, எண்டுராவில் பத்தரை, ஓப்பினெலில் ஐந்து சொச்சம். ஒன்றில் பாதி அடுத்தது, அதில் பாதி அதற்கடுத்தது. பக்கின் பாரத்தில் பெரும்பங்கு பித்தளை. அந்தக் கனம் கைக்கு இதமாக இருக்கும் என்பதை மறுக்க மாட்டேன், ஆனால் நாள் முழுக்கச் சுமக்கப்போவது இடுப்பு.

விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும்; இங்கே இறக்குமதியாகி வரும்போது இன்னும் ஏறும். தயாராகும் நாடுகளின் சந்தையை ஒட்டிச் சொன்னால், அண்மை ஆண்டுகளில் ஓப்பினெல் 8 பத்துப் பன்னிரண்டு யூரோ, பக் 110 எழுபது எண்பது டாலர், எண்டுரா நூறு டாலரைச் சுற்றி. அலகின் ஒரு சென்டிமீட்டருக்கு ஓப்பினெல் ஒன்றரை யூரோவுக்குள் அடங்கும், பக் எட்டு டாலர், எண்டுரா பத்து டாலர். இந்த வரிசையை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் கணக்கு பாதியில் நின்றுவிடும். வெட்டுவது வாய், அதன் செலவை இன்னும் எழுதவில்லை.

வாய் மூன்று வகை. நேர்வாய், பல்வாய், பாதி நேர் பாதிப் பல். பல்வாய்க்கு நம் வயல்காட்டிலேயே ஒரு சொல் இருக்கிறது: கருக்கு. பனைமட்டையின் ஓரத்தில் இருப்பதும் கருக்கு, கதிர் அறுக்கும் கருக்கரிவாளில் இருப்பதும் கருக்கு. நெல்தாளில் சிலிக்கா இருப்பதால் அது கூரைச் சீக்கிரம் தின்றுவிடும். கருக்கரிவாளைப் பிடித்தவர்களுக்குத் தெரியும், அதை ஓங்கி வெட்டுவதில்லை, தாளைக் கையில் பற்றி இழுத்து அறுப்பார்கள். இழுக்கும்போது ஒவ்வொரு பல்லின் நுனியும் தனித்தனியாக நாரைக் கவ்வுகிறது, பல்லிடைப் பள்ளம் அந்த நாரை அறுத்து முடிக்கிறது. மடக்குக்கத்தியின் கருக்குவாயும் இதே வேலையைத்தான் செய்கிறது.

ஸ்பைடர்கோவின் கருக்கில் இரண்டு சிறிய பல், ஒரு பெரிய பல் என்று வரிசை மாறி மாறி வரும். பற்களை ஒரு பக்கத்தில் மட்டுமே கடைந்திருப்பார்கள், மறுபக்கம் தட்டை. வளைந்து வளைந்து போவதால் வெட்டும் வாயின் நீளம் 24 விழுக்காடு வரை கூடும் என்பது நிறுவனத்தின் கணக்கு. எண்டுராவின் அலகு 9.6 செ.மீ. என்றாலும் வெட்டும் வாய் 8.7 செ.மீ.தான், பிடியை ஒட்டிய ஒரு துண்டில் கூர் இருக்காது. (பெட்டிமேல் அச்சிட்ட அலகு நீளத்தை வாய் நீளம் என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.) 8.7உடன் 24 விழுக்காட்டைச் சேர்த்தால் 10.8 செ.மீ. அதாவது கத்தியை நீட்டாமலே இரண்டு சென்டிமீட்டர் வாய் கிடைக்கிறது. நீளத்துக்காகத் தயங்குபவருக்கு இது பெரிய வரவு.

கருக்குக்கு இன்னொரு வரவும் உண்டு. பலகையிலோ எலும்பிலோ மோதி மழுங்குவது பல்லின் நுனி மட்டுமே. பள்ளம் எதிலும் படாததால் அதன் கூர் நெடுநாள் நிற்கும். நுனி மழுங்கிய கருக்குக்கத்தி அப்போதும் கயிறு அறுக்கும். நேர்வாய் மழுங்கினால் கயிற்றின்மேல் வழுக்கிக்கொண்டு போகும். பாய்மரப் படகுக்காரர்களும் மீட்புப் பணியில் இருப்பவர்களும் கருக்கை விரும்பக் காரணம் இது. ஈரமான பாலியெஸ்டர் கயிறு, இழுபட்டு நிற்கும் நைலான், காரின் இருக்கைப் பட்டை எல்லாம் அதற்கு எளிது. அங்கே ஒரு நொடியில் அறுந்தாக வேண்டும், வெட்டு அழகாக இருக்கிறதா என்று யாரும் பார்க்கப்போவதில்லை.

இப்போது செலவுப் பக்கம். ஆப்பிளைக் கருக்குவாயால் தோல் சீவிப் பாருங்கள். பற்கள் சதைக்குள் இறங்கி ஏறி, தோலோடு பழத்தையும் கொண்டுபோகும். மரக்குச்சியைச் செதுக்கினால் பரப்பு வரிவரியாக வரும். தள்ளி வெட்டும் எந்த வேலைக்கும் கருக்கு ஒத்துவராது, அதற்கு இழுப்புதான் தெரியும்.

சாணை பிடிப்பதில் வித்தியாசம் இன்னும் பெரிது. நேர்வாயைச் சாணைக்கல்லில் வைத்துக் கால்மணி நேரத்தில் வீட்டிலேயே தீட்டலாம். கருக்கின் ஒவ்வொரு பள்ளத்தையும் தனியாகப் பார்க்க வேண்டும். தட்டைக்கல் உதவாது, மெல்லிய உருளையோ முக்கோணக் கம்பியோ வேண்டும். ஸ்பைடர்கோவே முக்கோணக் கம்பிகள் கொண்ட சாணைக்கருவி ஒன்றை விற்கிறது. கம்பிகளை 30 பாகை, 40 பாகை என்று இரண்டு கோணங்களில் நிறுத்தலாம். அதன் விலை ஏறத்தாழ கத்தியின் விலை. ஊரில் சக்கரம் சுற்றும் சாணைக்காரரிடம் கருக்குவாயைக் கொடுக்கவே வேண்டாம். அவர் நல்லெண்ணத்தோடு பற்களைச் சமனாக்கித் தந்துவிடுவார். கருக்கரிவாளும் இப்படித்தான், தேய்ந்தால் கொல்லரிடம் மறுபடி பல் வெட்டக் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆயுள் கணக்கை ஓர் ஊகத்தோடு போடுகிறேன். ஒரு தடவை தீட்டினால் 0.05 மி.மீ. தேய்வதாக வைத்துக்கொள்வோம். நேர்வாய் அலகின் அகலத்தில் 5 மி.மீ. தேயும்வரை கத்தி உதவும் என்றால் 100 தடவை தீட்டலாம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்றால் பதினாறு ஆண்டு. கருக்கில் பல்லின் உயரமே 1 மி.மீ. என்று கொண்டால், இதே தேய்மானத்தில் 20 தடவையில் பல் போய்விடும். நல்லவேளையாகக் கருக்கை அடிக்கடி தீட்ட வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒரு முறை போதும் என்றால் இருபது ஆண்டு நிற்கும். ஆகவே ஆயுளில் கருக்கு தோற்கவில்லை. மழுங்கியதை உரியவரே தன் கையால் சரிசெய்துகொள்ளும் வசதியில்தான் தோற்கிறது.

நேர்வாயிலும் கோணம் பார்க்க வேண்டும். ஓப்பினெல் 40 பாகையில் தீட்டி அனுப்புகிறது. நுனியிலிருந்து 1 மி.மீ. உள்ளே வாயின் கனம் 40 பாகையில் 0.73 மி.மீ.; 30 பாகையில் 0.54. தக்காளிக்குள் நுழையும்போது இந்த 0.19 மி.மீ. தெரியும். ஓப்பினெலின் கார்பன் எஃகில் 0.9 விழுக்காடு கார்பன். எளிதில் கூராகும், எலுமிச்சை பட்டால் கறுக்கும், துடைக்காவிட்டால் துருப்பிடிக்கும். பக் 110இல் உள்ள 420எச்சி எஃகில் 13 விழுக்காட்டை ஒட்டிக் குரோமியம், கடினம் ராக்வெல்லில் 58. துருவுக்கு அஞ்ச வேண்டாம். எண்டுராவின் விஜி-10 எஃகில் கார்பன் 1 விழுக்காடு, குரோமியம் 15. கூர் நீடிக்கும், தீட்ட நேரமும் கூடும்.

பாதி நேர் பாதிக் கருக்கு எனக்குப் பிடிக்கவில்லை. 8.7 செ.மீ.யைப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 4.3தான் மிஞ்சுகிறது. ஓர் ஆப்பிளின் குறுக்களவு ஏழெட்டு சென்டிமீட்டர். இரண்டு பாதியில் எதுவும் அதைக் கடக்காது. கருக்குப் பாதி பிடியை ஒட்டி வேறு இருக்கும். குச்சி செதுக்கக் கையின் பலம் முழுதும் இறங்கும் இடம் அதுவே. நல்ல இடத்தைப் பற்களுக்குக் கொடுத்துவிட்டு நுனியால் செதுக்க வேண்டியதாகிறது.

சட்டத்திலும் அளவுகோல் உண்டு. இந்திய ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு, அதாவது 22.86 செ.மீ.க்கு, மேல் நீண்ட அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகன்ற கத்திகளை ஆயுதமாகப் பார்க்கின்றன. வீட்டுக்கும் வேளாண்மைக்குமானவை விலக்கு. பிரிட்டனில் பொது இடத்தில் காரணம் சொல்லாமல் வைத்திருக்கக்கூடியது 3 அங்குலம், 7.62 செ.மீ.; அதுவும் பூட்டு இல்லாத மடக்குக்கத்தியாக இருக்க வேண்டும். ஜெர்மனியில் ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தக்க காரணமின்றி எடுத்துச் செல்ல முடியாது. அங்கே எண்டுரா சிக்கும், இரண்டு கை கேட்கும் ஓப்பினெல் சிக்காது. விமானத்தில் மூன்றுமே சரக்குப் பெட்டிக்குள்தான்.

படகில் வேலை செய்பவர், கயிறும் வலையுமாகப் பிழைப்பவர் முழுக் கருக்கு எண்டுராவை வாங்கட்டும். நூறு டாலர் அங்கே மிகையல்ல. பழம், ரொட்டி, அட்டைப்பெட்டி, குச்சி, சணல் என்று கலந்து வெட்டுபவருக்கு நேர்வாய் ஓப்பினெல் 10 போதும். பக் 110க்கு ஒதுக்கிய பணத்தில் அதையும் ஒரு நல்ல சாணைக்கல்லையும் வாங்கி மீதியும் வைத்துக்கொள்ளலாம். ஓப்பினெலைத் திறந்தபின் அதன் கழுத்தில் உள்ள எஃகு வளையத்தைத் திருப்பிப் பூட்ட மறக்கக் கூடாது. 1955இல்தான் அந்த வளையம் வந்தது, அதற்கு முன் 65 ஆண்டு காலம் பூட்டே இல்லாமல் ஓடியது. மழைக்காலத்தில் பீச் மரம் ஊறிப் பருத்து அலகைக் கவ்விக்கொள்ளும், நகத்தால் இழுத்தாலும் வராது. அப்போது சவோய்க்காரர்கள் செய்வதைச் செய்யலாம்: வளையத்தைத் தளர்த்திவிட்டு, பிடியின் அடிப்பகுதியை மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் அலகின் நுனி தானாக வெளியே எட்டிப் பார்க்கும்.