போதைப்பொருள் வழக்கில் ஜாமீன்: எடையும் பிரிவும்

கைதான மகனை எப்படியேனும் மீட்டுவிட வேண்டுமென்று, நகையை அடகுவைத்த பணத்துடன் செலாயாங் நீதிமன்ற வாயிலில் காத்து நிற்கும் பெற்றோர் முதற்கண் அறியவேண்டிய சத்தியம் ஒன்றுண்டு: போதைப்பொருள் வழக்கில் ஜாமீன் கிடைக்குமா என்பதை நிர்ணயிப்பது குற்றச்சாட்டில் எழுதப்படும் பிரிவு, அப்பிரிவை நிர்ணயிப்பது பிடிபட்ட பொருளின் எடை.

மலேசியாவின் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 41பி பிரிவு, மரண தண்டனைக்கோ ஐந்தாண்டுக்கு மேற்பட்ட சிறைவாசத்துக்கோ உரிய குற்றமாயின் ஜாமீன் வழங்கலாகாது என்கிறது; அதற்குட்பட்ட குற்றங்களிலும், ஜாமீன் பொதுநலனுக்கு உகந்ததன்று என அரசாங்க வழக்கறிஞர் எழுத்துமூலம் சான்றளித்தால், அதே நிலைதான். ஹெராயினை எடுத்துக்கொண்டால், 2 கிராமுக்குக் குறைந்ததை வைத்திருந்தமைக்கு 12ஆம் பிரிவும், 2 கிராம் முதல் 5 கிராமுக்குள் 39ஏ(1) பிரிவும் பொருந்தும். இவற்றில் ஜாமீன் கேட்க இடமுண்டு. 5 கிராமை எட்டினால் ஆயுள் சிறைவரை செல்லும் 39ஏ(2). 15 கிராமானால் கடத்தலென்றே அனுமானித்து, மரண தண்டனைக்குரிய 39பி. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம், வணிக அளவில் பிடிபட்டவரையும், அவர் குற்றமற்றவரென்று நம்ப நியாயமுண்டு, வெளியே சென்று குற்றமிழையார் என்று நீதிபதி திருப்தியுற்றால் ஜாமீனில் விடுவிக்க இடந்தருகிறது. நம் சட்டத்தில் அந்தச் சலுகை இல்லை. ஆகவே, தமிழகச் செய்திகளை நம்பியோ, “நான் முடித்துத் தருகிறேன்” என்னும் தரகர் பேச்சை நம்பியோ பணத்தை இழக்காதீர்கள்.

கைதுக்கான காரணத்தை அறியவும், விரும்பிய வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கவும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்படவும் அரசியலமைப்பின் 5ஆவது விதி உரிமையளிக்கிறது. அங்கே போலீசார் கேட்கும் தடுப்புக்காவல், 14 ஆண்டுக்குக் குறைந்த தண்டனைக்குரிய குற்றமாயின் முதலில் 4 நாள், பின்பு 3 நாள். 14 ஆண்டோ அதற்கு மேற்பட்டதோ ஆயின் இருமுறையும் 7 நாள் வரை செல்லலாம். வழக்கறிஞர் தேவைப்படுவது அந்த முதல் நாளிலேயே. வசதியற்ற மலேசியக் குடிமக்களுக்கு 2012 முதல் யாயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சான் என்னும் தேசியச் சட்ட உதவி அறநிறுவனம் இதற்கு உதவி வருகிறது.

இரசாயனப் பரிசோதனை அறிக்கையில் எடை குறைந்திருப்பின், குற்றச்சாட்டைக் குறைக்கும்படி துணை அரசாங்க வழக்கறிஞரிடம் மனுச் செய்யலாம்; பிரிவு மாறினால் ஜாமீன் கேட்கும் வழியும் திறக்கும். ஜாமீனுக்கு இடமிருந்தும் மறுக்கப்பட்டால் உயர்நீதிமன்றத்தை நாடலாம். வெளியே வந்தால் போதுமென்று, செய்யாத குற்றத்தை மட்டும் அவசரத்தில் ஒப்புக்கொள்ளலாகாது.

ஜாமீன் மறுக்கப்பட்டவன் குற்றவாளியென்று தீர்ப்பளிக்கப்பட்டவனல்லன். ஆதலால், குடும்பத்தார் வெட்கத்தினால் ஒதுங்கிவிடாமல், கையிலுள்ள பொருளையும் காலத்தையும் அவனுடைய எதிர்வாதத்துக்கே செலவிடுதல் வேண்டும்.