உப்பும் நெருப்பும் மெருகிட்ட ஜெர்மானியக் குடுவைகள்

பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சந்தைகளுக்கு மது ஊற்றும் குடுவைகளைப் பெருமளவில் அனுப்பியவை ஜெர்மனியின் ரைன்லாந்துப் பகுதிக் குயவூர்களே. அங்கே செய்யப்பட்டவை ஸ்டோன்வேர் எனப்படும் கலங்கள். அதாவது, ஏறத்தாழ 1200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடப்படுவதால் மெருகு பூசாமலே நீர் கசியாதபடி கல்லாய் இறுகிவிடும் களிமண் பாண்டங்கள். சூளை உச்ச வெப்பத்தை எட்டியதும் குயவர்கள் உப்பை உள்ளே கொட்டினர். அது ஆவியாகி, அதிலுள்ள சோடியம் களிமண்ணின் சிலிக்காவோடு கூடி, ஆரஞ்சுப் பழத் தோலைப் போலப் புள்ளியிட்ட மெல்லிய கண்ணாடிப் படலமாகக் கலத்தின்மீது படிந்தது. எந்தத் தூரிகையாலும் தீட்ட முடியாத இந்த உப்பு மெருகே இக்கலைக்குத் தனி அழகு சேர்த்தது.

கொலோனிலும் அதையடுத்த ஃப்ரெகனிலும் உருவான பழுப்புக் குடுவைகளின் கழுத்தில் தாடி வைத்த மனித முகம் ஒன்று புடைத்து நிற்கும். 'பார்ட்மன்' எனப்படும் இவை டச்சுக் கப்பல்களில் ஏறி உலகெங்கும் சென்றன. 1656இல் மேற்கு ஆஸ்திரேலியக் கரையருகே உடைந்த வெர்குல்டே டிராக் கப்பலின் சிதைவிலிருந்தும் அவை மீட்கப்பட்டுள்ளன. சீக்பூர்க்கிலிருந்தும், இன்று பெல்ஜியத்திலுள்ள ராரனிலிருந்தும் 1600ஐ ஒட்டிய ஆண்டுகளில் குயவர் குடும்பங்கள் வெஸ்டர்வால்ட் மலைப்பகுதிக்குக் குடிபெயர, ஹோர், கிரென்ஸ்ஹவுசன் ஆகிய ஊர்களில் சாம்பல் நிறக் கலத்தில் கோபால்ட் நீலமும், பின்னர் மாங்கனீசு ஊதாவும் தீட்டும் மரபு வேரூன்றியது. சூளையின் கடும் வெப்பத்தைத் தாங்கும் வண்ணங்கள் மிகச் சிலவே என்பதால் எழுந்த இந்தக் கட்டுப்பாடுதான் வெஸ்டர்வால்ட் கலங்களுக்கு அவற்றின் கம்பீரத்தைத் தந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழங்கலைகள்மீது ஆர்வம் மிகுந்தபோது, பழைய வடிவங்களைப் பின்பற்றிய போலிப்படிகள் ஏராளமாக வெளிவந்தன. சேகரிப்பாளர்களைத் தடுமாற வைப்பவை இவையே. குடுவையில் பொறித்த ஆண்டை மட்டும் நம்பலாகாது; ஆண்டு வெட்டிய அச்சைக் குயவர்கள் பல காலம் பயன்படுத்தியதுண்டு. சக்கரத்தில் வனைந்த பழங்கலத்தில் சிங்க உருவமும் கேடயமும் தனி அச்சில் அழுத்தி எடுத்து ஒட்டப்பட்டவை. ஆதலால் உள்ளே விட்ட விரலுக்கு வனைந்த வளையங்கள் மட்டுமே தட்டுப்படும். அச்சில் வார்த்த பிற்காலக் கலத்திலோ வெளியே புடைத்த உருவம் உள்ளே குழியாகத் தெரியும். சுழலும் சக்கரத்திலிருந்து கம்பியால் அறுத்தெடுத்ததால் விழுந்த வளைகோடுகளும் பழங்கலத்தின் அடியில் பெரும்பாலும் காணப்படும். வண்ணம் பளிச்சிடும் படியைவிட, விளிம்பு உடைந்தாலும் உப்பு மெருகு தெளிந்து நிற்கும் பழங்குடுவையே சேகரிக்கத் தக்கது. விலை பேசும் முன் வாங்குவோர் அதைக் கவிழ்த்து அடியைப் பார்த்துவிட வேண்டும்.