டிரெய்லர் லாரியும் டீசல் கணக்கும்

நாகபுரிக்குத் தெற்கே வார்தா சாலையில் மாலை வேளைகளில் நின்று பார்ப்பவர்க்கு ஓர் எளிய இன்பம் உண்டு. கடந்து செல்லும் லாரிகளின் எண் பலகையைக் கொண்டு ஊரைக் கண்டுபிடிப்பதே அது. டி.என். 28 என்றால் நாமக்கல். 34 என்றால் திருச்செங்கோடு. 52 என்றால் சங்ககிரி. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44ஆம் எண் நெடுஞ்சாலை நம் நகரின் வழியே போவதால், விட்டு வந்த ஊர் நாள்தோறும் நம்மைக் கடந்து போய்வருகிறது என்றே சொல்லலாம்.

அவ்வண்டிகளில் ஒன்றின் ஓட்டுநர் சென்ற திங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் சங்கத்திற்கு வந்தார். வயது ஐம்பது இருக்கும். திருச்செங்கோட்டுப் பக்கத்தவர். நன்கொடையோ கடனோ கேட்க வந்திருப்பார் என்று நாம் எண்ணியது பிழை. அவர் கேட்டது ஒரு கடிதம்.

“ஐயா, நான் ஒரு சொட்டு டீசல்கூட விற்கவில்லை. அதை எப்படிக் காகிதத்தில் எழுதுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை” என்றார்.

செய்தி இதுதான். முந்தைய நடையில் நாகபுரியிலிருந்து சேலத்திற்கு டிரெய்லரில் இயந்திரச் சரக்கு ஏற்றிச் சென்றிருக்கிறார். வண்டி 15 டன், சரக்கு 30 டன், ஆக 45 டன். வழி ஏறக்குறைய 1,280 கிலோமீட்டர். செலவான டீசல் 492 லிட்டர். அதாவது லிட்டருக்கு 2.6 கிலோமீட்டர். உரிமையாளரோ லிட்டருக்கு 3 என்று வைத்து, 427 லிட்டர்தான் ஆகியிருக்க வேண்டும் என்கிறார். எஞ்சிய 65 லிட்டர் வழியில் கைமாறிவிட்டது என்பது அவர் தீர்ப்பு. அதன் விலை சம்பளத்தில் பிடிக்கப்பட்டுவிட்டது. பணம் போனதைவிட, இருபத்தைந்து ஆண்டு ஓட்டியவனைத் திருடன் என்று கிளீனர் பையன் எதிரில் சொன்னதுதான் அவரை வாட்டியது.

டீசல் திருட்டே நடவாத தொழில் இது என்று நாம் வாதிட வரவில்லை. ஆயினும் ஒருவரைக் குற்றவாளி ஆக்குமுன் வண்டியைக் கேட்க வேண்டாமா? நம் உறுப்பினருள் ஓய்வு பெற்ற ரயில்வே எஞ்சினியர் ஒருவர் இருக்கிறார். அவர் ஒரு தாளை எடுத்தார்; நாம் அனைவரும் சுற்றி அமர்ந்தோம்.

ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியர் 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் தம் எஞ்சினைச் சோதனைக்கு விட்டபோது, எண்ணெயில் உள்ள ஆற்றலில் நூற்றுக்கு 26 பங்கை அது வேலையாக மாற்றிற்று. நீராவி எஞ்சின்களோடு பழகிய உலகம் வியந்தது. இக்கால லாரி எஞ்சின் நன்றாக ஓடும்போது நூற்றுக்கு 40 பங்கு தருகிறது. மீதி, வெப்பமாகப் புகைக்குழாய் வழியும் ரேடியேட்டர் வழியும் போய்விடும். அந்த 40 பங்கைத்தான் சாலை, காற்று, மேடு ஆகிய மூவரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள்.

சாலை கேட்பது எடைக்கு ஏற்ற கூலி. நல்ல சாலையில் நல்ல டயர் உருள, டன்னுக்கு ஏறக்குறைய 7 கிலோ இழுவிசை வேண்டும். 45 டன்னுக்கு 315 கிலோ. டயரில் காற்றுக் குறைந்தால் இது ஏறும். காற்றோ எடையைப் பார்ப்பதில்லை, வேகத்தைப் பார்க்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் 120 கிலோ விசையாக எதிர்க்கும் காற்று, 80இல் 215 கிலோவாக எதிர்க்கும். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் எதிர்ப்பு முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது.

மூன்றாமவரான மேடுதான் கொடியவர். நூறு மீட்டர் தூரத்தில் ஒரு மீட்டர் உயரும் ஏற்றம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. கார் வைத்திருக்கும் அன்பர்கள் அதைச் சமவெளி என்றே சத்தியம் செய்வார்கள். ஆனால் அந்த ஏற்றம் டன்னுக்கு 10 கிலோ வீதம் 45 டன்னை 450 கிலோ விசையோடு பின்னுக்கு இழுக்கிறது. சாலையும் காற்றும் சேர்ந்து கேட்டதைவிட இது அதிகம்.

இவ்விடத்தில் ஓர் அன்பர் டெக்ஸாசில் வசிக்கும் தம் மருமகனைப் பற்றிச் சொன்னார். அங்கே டீசல் பிக்கப் வண்டியின் பின்னே வீடுபோன்ற டிரெய்லரை மாட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்றுவது வழக்கமாம். தனியே ஓடினால் காலனுக்கு 18 மைல் தரும் வண்டி, டிரெய்லரை இழுக்கையில் பத்துக்கு இறங்குகிறதாம். ஆனால் அங்கே குற்றவாளி பெரும்பாலும் காற்றுதான். உயரமான பெட்டி, விரைவான சாலை. மொத்த எடை வரம்பு 8,500 பவுண்டுக்கு மேற்பட்ட அத்தகைய பிக்கப் வண்டிகளில் மைலேஜ் அட்டை ஒட்ட வேண்டும் என்ற கட்டாயம் அமெரிக்க அரசின் விதியில் இல்லை. இன்ன மைலேஜ் தந்தே தீரவேண்டும் என்று அங்கே மருமகனை யாரும் மிரட்டுவதுமில்லை.

நம் ஓட்டுநருக்கு வருவோம். சமவெளியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் 3 கிடைக்கும் என்று உரிமையாளர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொண்டு எஞ்சினியர் கணக்கைத் தொடங்கினார். நாகபுரியும் சேலமும் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருப்பவை. 300 மீட்டரை ஒட்டியவை. ஆனால் இடையில் பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. கர்நூலிலிருந்து அங்கே சேர 600 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். 45 டன்னை 600 மீட்டர் தூக்க மட்டும் ஏறக்குறைய 19 லிட்டர் டீசல் எரியும். சரக்கு அவசரம் என்று சொல்லப்பட்டதால் 500 கிலோமீட்டர் தூரத்தை 80 வேகத்தில் கடந்திருக்கிறார்; அதற்கு 30 லிட்டர். நின்று மீண்டும் 60 வேகத்தை எட்ட ஒவ்வொரு முறையும் அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகும். 2021 முதல் பாஸ்டேக் கட்டாயமாகி, சுங்கச் சாவடிகளில் காத்திருப்பது குறைந்திருக்கிறது. ஆயினும் வேகத்தடைகளும் ஊர்ச் சந்திப்புகளும் இருக்கின்றனவே! முப்பது முறை நின்றதாக அவர் நினைவுகூர்ந்தார், 13 லிட்டர்.

ஆகக் கூடி 62. “இன்னும் மூன்று லிட்டர் இடிக்கிறதே ஐயா!” என்று ஓட்டுநரே கவலைப்பட்டார். இவ்வளவு கறாரான மனிதரையா திருடர் என்றார்கள் என்று நமக்குச் சிரிப்பும் வருத்தமும் ஒருங்கே வந்தன. இது ஏறத்தாழப் போட்ட கணக்கு, மூன்று லிட்டர் முன்பின் இருக்கும் என்று தேற்றினோம்.

உரிமையாளரின் 3 எங்கிருந்து வந்தது என்று கேட்டோம். அவருடைய இன்னொரு டிரெய்லர் சென்னைக்கும் விசயவாடாவுக்கும் இடையே கடலோரச் சமவெளியில் பாதி லோடுடன் ஓடுகிறது. அது தந்த எண். அன்றியும், 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுப் பார வரம்பை உயர்த்தியபோது, வண்டியின் மொத்த எடைக்குரிய உச்ச வரம்பு 49 டன்னிலிருந்து 55 டன்னாயிற்று. எடை ஏறியது, மனத்தில் பதிந்த எண் இறங்கவில்லை. உண்மையில் 30 டன் சரக்கை லிட்டருக்கு 2.6 கிலோமீட்டர் இழுக்கும் வண்டி, ஒரு லிட்டரில் ஒரு டன்னை 78 கிலோமீட்டர் கொண்டுபோகிறது. 15 டன் ஏற்றி 3.8 தரும் வண்டியோ 57 கிலோமீட்டர்தான். மைலேஜ் குறைந்த வண்டியே முதலாளிக்கு அதிகம் சம்பாதித்துக் கொடுக்கிறது!

“மேட்டில் செலவிட்டதை இறக்கத்தில் திரும்பப் பெறலாம் அல்லவா?” என்று நம்மில் ஒருவர் கேட்டார். ஓட்டுநர் சற்றுத் தயங்கி, “அதைத்தான் தொப்பூரில் பார்த்துக்கொள்கிறோம்” என்றார். தருமபுரிக்கும் சேலத்திற்கும் நடுவே உள்ள தொப்பூர்க் கணவாயை அறியாத தமிழர் குறைவு. அங்கே நியூட்ரலில் போட்டு வண்டியை உருள விடுவாராம். சிலர் எஞ்சினையே நிறுத்திவிடுவதும் உண்டாம்.

அதுவரை கணக்காக இருந்தது எங்களுக்கு அப்போதுதான் கலக்கமாயிற்று. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அக்கணவாயில் நடந்த கோர விபத்துகளைச் செய்தித்தாளில் படித்தவர்கள் நாம். 45 டன் வண்டி நூறு மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 150 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. சாலையும் காற்றும் அதில் ஒரு பங்கை ஏற்கும். கியரில் வந்தால் எஞ்சினும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் பெரும்பங்கை ஏற்கும். நியூட்ரலில் வந்தாலோ மிச்சம் முழுவதும் பிரேக் டிரம்களில்தான் இறங்கும். சூடேறிய பிரேக் பிடிக்காது. எஞ்சினை நிறுத்தினால் ஏர் பிரேக்குக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரசரும் நின்றுபோகும், ஸ்டீயரிங் கல்லாகிவிடும்.

இத்தனைக்கும் மிச்சமாவது என்ன? கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இக்கால எஞ்சினுக்குள் டீசல் செல்வதே நின்றுவிடுகிறது. சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுகின்றன. நியூட்ரலில் போட்டாலோ, எஞ்சின் அணையாதிருக்கத் தனக்கென டீசல் குடிக்கிறது. மணிக்கு இரண்டு லிட்டர் என்று வைத்தால், கால் மணி நேர இறக்கத்தில் அரை லிட்டர். மெல்லிய சரிவில் உருள விடுவதால் சிறிது மிச்சமாகலாம் என்பதை எஞ்சினியர் மறுக்கவில்லை. பிரேக் பிடித்தே தீரவேண்டிய கணவாயில் நியூட்ரல் நட்டமே.

ஓட்டுநர் நெடுநேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இருபத்தைந்து வருசமாக இதை யாரும் எனக்குச் சொல்லவில்லையே” என்றார்.

அன்றிரவே கடிதம் எழுதப்பட்டது. கணக்குத் தாளும் உடன் வைக்கப்பட்டது. உரிமையாளரைக் கடிந்து ஒரு சொல்லும் எழுதவில்லை. வழித்தடத்திற்கும் லோடுக்கும் ஏற்றபடி தனித்தனி மைலேஜ் வைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டிருந்தோம். சங்கத்தின் முத்திரையைக் குத்தித் தரும்படி அவர் விரும்பினார்; அவ்வாறே செய்தோம்.

பத்து நாள் கழித்துச் சேலத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தார். பிடித்த பணத்தில் பாதி வந்துவிட்டதாம். மறுபாதியை அடுத்த நடையில் பார்க்கலாம் என்றாராம் உரிமையாளர். இம்முறை மைலேஜ் 2.7. தொப்பூரில் மூன்றாம் கியரில் இறங்கினாராம். பின்னால் வந்த வண்டிகள் ஆரன் அடித்துத் தீர்த்துவிட்டனவாம்.